முப்பத்தோரு ஆலைக்கும் ரிப்போர்ட் சுத்தம், சாவது எங்கள் பாக்டீரியா மட்டும்

புதுப்பொறுப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கட்டட அனுமதிப் பிரிவில் இருந்த என்னை எட்டு மாதத்துக்கு முன் தொழிற்சாலைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால் நான், இரண்டு உதவியாளர்கள், ஒரு பிஎச் மீட்டர் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுவது), ஒரு வண்டி. நகராட்சியின் பாதாளச் சாக்கடையில் கழிவுநீர் விடுகிற 31 ஆலைகள் பட்டியலில் இருக்கின்றன. சாயப்பட்டறை, தோல், மருந்து, உணவு பதப்படுத்துதல், முலாம் பூசுதல் என்று எல்லா வகையும் உண்டு.

மூன்று மாதத்தில் ஐந்து முறை எங்கள் சுத்திகரிப்பு நிலையம் படுத்துவிட்டது. கழிவைத் தின்கிற பாக்டீரியாவை வளர்க்கும் காற்றூட்டும் தொட்டியில் வெள்ளை நுரை பொங்குகிறது, வெளியேறும் நீர் கலங்கலாக வருகிறது, அம்மோனியா ஏறுகிறது. மறுபடி சரியாவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் அடுத்த அடி.

31 ஆலைகளிலும் மாதிரி எடுத்தாகிவிட்டது. ஒன்றுகூட வரம்பு மீறவில்லை. "ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார் மேலதிகாரி. நிலையத்தை நடத்துபவர்களோ எங்களைத்தான் திட்டுகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

---

இரவுப்பணி

நான் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். முதல் கேள்வி: நுரை வருவதற்கு முன்னால் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் ஏறியதா?

புதிதாக வருகிறவர்கள் ஆக்சிஜன் ஏறினால் சந்தோஷப்படுவார்கள். காற்றூதும் இயந்திரம் அதே வேகத்தில் ஓடும்போது ஆக்சிஜன் தானாக ஏறினால், அதைத் தின்ன வேண்டிய உயிர்கள் தின்பதை நிறுத்திவிட்டன என்று அர்த்தம். நஞ்சு வந்ததற்கு முதல் அடையாளம் அதுதான். நுரையும் கலங்கலும் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா இருக்கிறதே, கூட்டத்திலேயே நோஞ்சான் அது. மற்றவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இதற்கு நல்ல சூழலிலேயே ஒரு நாள் வரை ஆகும். உங்களுக்கு வாரக்கணக்கில் இழுப்பது அதனால்தான்.

ஆக்சிஜன் பதிவேட்டை எடுத்து, ஐந்து முறையும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஏறியது என்று பாருங்கள். இன்னொன்று, இனிமேல் ஏறுகிற நிமிடமே நுழைவு நீரில் ஒரு பாட்டில் பிடித்து ஐஸில் வைக்கச் சொல்லுங்கள். விடிந்த பிறகு எடுக்கிற மாதிரியில் ஒன்றும் இருக்காது. வந்தது வந்த வழியே போயிருக்கும்.

---

பழைய மூடி

தம்பி, நான் இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு மாதிரி எடுக்கப் போகிறீர்கள்? போவதற்கு முன் யாருக்குச் சொல்கிறீர்கள்? பாட்டிலை எந்த இடத்தில் பிடிக்கிறீர்கள்?

---

புதுப்பொறுப்பு

ஐயா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு நாள்தான் வண்டி கிடைக்கும். காலை 11 முதல் 1 மணிக்குள். வாயிலில் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் முந்தின நாளே போன் செய்துவிடுவோம். அவர்களுடைய சுத்திகரிப்புத் தொட்டியின் கடைசியில் ஒரு குழாய் இருக்கும், அதில் பிடிப்போம். எனக்கு முன்பு இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

இரவுப்பணி சார், பதிவேட்டைப் பார்த்தேன். ஐந்தில் நான்கு முறை சனிக்கிழமை இரவு, அதாவது ஞாயிறு விடிகாலை. ஆக்சிஜன் ஏறத் தொடங்குவது ஏறக்குறைய 2 மணிக்கு. ஐந்தாவது ஒரு விடுமுறைக்கு முந்தின இரவு.

---

ஓரமாய் நிற்பவன்

இதில் ஆராய என்ன இருக்கிறது? கவர் போயிருக்கும், ரிப்போர்ட் வந்திருக்கும். எந்த ஊரிலும் இதுதான் கதை.

---

பழைய மூடி

கவர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பி ஒரு பைசா வாங்காமலேயே இதே சுத்தமான ரிப்போர்ட்டைப் பெற்றிருக்கிறாரே, அதைக் கவனியுங்கள். செவ்வாய் 11 மணிக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவர்கள் காட்டுகிற குழாயில் பிடித்தால் பரம யோக்கியனுக்கும் அந்த ரிப்போர்ட்தான் கிடைக்கும். எனக்கும் முதல் ஆறு வருடம் அப்படித்தான் கிடைத்தது.

தம்பி, தொட்டியின் கடைசிக் குழாய் என்பது ஆலை உங்களுக்குக் காட்ட விரும்புகிற நீர். அது சாக்கடைக்குத்தான் போகிறது என்பதற்கு என்ன சாட்சி? நான் பார்த்த ஓர் இடத்தில் அந்தக் குழாயை ஒட்டி நல்ல தண்ணீர் லைன் ஒன்று தொட்டிக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் வாயிலில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அதைத் திறந்துவிடுவார்கள். நீர்த்துப்போக வைத்து வரம்புக்குள் கொண்டுவருவது பல நாட்டு விதிகளில் குற்றம்தான். ஆனால் பாட்டிலுக்குள் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். வாங்கின தண்ணீர், பொருளோடு போனது, ஆவியானது, சாக்கடைக்கு விட்டது, நான்கையும் எழுதிக் கூட்டுங்கள். கூட்டல் இடிக்கிற ஆலையில் இரண்டாவது வாய் ஒன்று இருக்கும்.

ஆகவே மாதிரியை வளாகத்துக்கு வெளியே, ஆலையின் இணைப்பு பொதுச் சாக்கடையில் சேர்வதற்கு முந்தின மேன்ஹோலில் எடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், கட்டித் தரச் சொல்லி அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதுங்கள்.

அடுத்தது நேரம். சாக்கடையில் மண் படியாமல் ஓட வினாடிக்கு 0.6 மீட்டராவது வேகம் இருக்கும்படிதான் கட்டுவார்கள். உங்கள் ஆலைப் பகுதியிலிருந்து நிலையம் எவ்வளவு தூரம்? நான்கு கிலோமீட்டர் என்று வையுங்கள். வினாடிக்கு 0.7 மீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 2 மணிக்கு உங்களிடம் வருவது பன்னிரண்டரை வாக்கில் கிளம்பியது. சனிக்கிழமை நள்ளிரவு. எந்த ஆலையில் அந்த நேரத்தில் ஆள் இருக்கிறது?

---

புதுப்பொறுப்பு

தூரம் 3.8 கிலோமீட்டர் ஐயா! கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த வழியில் மூன்று கிளைகள் சேர்கின்றன. 31 ஆலைக்கும் நள்ளிரவில் மேன்ஹோல் திறந்து நிற்க எனக்கு ஆள் கிடையாது.

---

பழைய மூடி

31 எதற்கு? கிளை மூன்றுதானே. மூன்று கிளையும் சேருமிடத்தில் தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு சந்தியிலும் பாதி ஊர் கழிந்துவிடும்.

அதற்கு முன்னால் பைசா செலவில்லாத ஒரு வேலை. சாக்கடையின் உள்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும். பாக்டீரியாப் படலம். ஓடுகிற நீரில் வருகிற உலோகத்தை அது வாரக்கணக்கில் உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். நீரில் நேற்று வந்தது இன்று இருக்காது, படலத்தில் போன மாதம் வந்ததும் இருக்கும். நீண்ட கோலில் சுரண்டியைக் கட்டி, மேலே நின்றபடியே ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் சுரண்டி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். எந்தக் கிளையில் உலோகம் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதில் மேலே போங்கள். ஆலைக்காரர் தொட்டியைக் கழுவலாம், தரையைக் கழுவலாம். தெருவுக்கு அடியில் இருக்கிற இந்தப் படலத்தைக் கழுவ அவரால் முடியாது. கோர்ட்டில் இது சாட்சியாக நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே போய்க் காத்திருப்பது என்பதற்குத்தான் இது.

---

இரவுப்பணி

"மேலே நின்றபடியே" என்று பெரியவர் எழுதியதை இரண்டு முறை படியுங்கள். அவசரத்தில் உதவியாளரை உள்ளே இறக்கிவிடாதீர்கள். தலையைக்கூட உள்ளே நீட்ட வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று இறங்கினவர்கள் திரும்பவில்லை. அதிலும் நீங்கள் தேடுவது ஆலை நீரை. ஒருவர் அமிலம் விட, இன்னொருவர் சயனைடோ சல்ஃபைடோ விட்டால், இரண்டும் சந்திக்கிற மேன்ஹோலில் நச்சு வாயு தானாகக் கிளம்பும். கேஸ் மீட்டர் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

---

மூன்றாம் ஷிப்ட்

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் எதிர்ப்பக்கம். ஒரு முலாம் பூசும் ஆலையில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்பவன்.

எல்லா ஆலையும் திருட்டு ஆலை என்கிற தொனி எனக்கு வருத்தம். வேண்டுமென்றே விடுபவர்களும் உண்டு, கையாலாகாமல் விடுபவர்களும் உண்டு. எங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் பிஎச் 8 வாக்கில் நன்றாகப் படியும். நிக்கலுக்கு 10 வரை ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியில் வந்தால் ஒன்றுக்குப் பார்த்தால் மற்றது கரையும். இதில் துப்புரவு ரசாயனத்தோடு இடிடிஏ போன்ற ஏதாவது வந்துவிட்டால், உலோகத்தை அது கையோடு பிடித்துக்கொண்டு படியவே விடாது. எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் சரி. ஆய்வாளர் வந்து "ஏன் மீறினாய்?" என்பார். எனக்கே தெரியாது. சப்ளையர் ரசாயனத்தை மாற்றியதை யாரும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, சனிக்கிழமை இரவு விஷயத்துக்கு வருகிறேன். முலாம் பூசுகிற இடத்தில் தினமும் வருவது அலசு நீர், லேசானது. சுத்திகரிப்பு அமைப்பும் அதைத்தான் தாங்கும். வாரக் கடைசியில் தொட்டியையே காலி செய்து கழுவுவார்கள். அது அலசு நீரைப் போல நூறு மடங்கு அடர்த்தியாக இருக்கலாம். அதைத் தனியாகச் சேமித்து, சொட்டுச் சொட்டாகக் கலந்து சுத்திகரிக்க வேண்டும். சேமிக்கத் தொட்டி இல்லாதவர் என்ன செய்வார்? மதகைத் திறப்பார். நீங்கள் தேடுவது அப்படி ஒருவரைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆய்வுக்குப் போனால் நீரைப் பார்ப்பதற்கு முன் கசடைப் பாருங்கள். உலோகம் மாயமாகாது. நீரிலிருந்து எடுத்தால் கசடில் இருந்தே ஆக வேண்டும். ஆறு மாதமாக ஓடுகிற ஆலையில் ஃபில்டர் பிரஸ் (கசடைப் பிழிந்து நீரை வடிக்கிற இயந்திரம்) துணி புதுசு போல வெள்ளையாக இருந்தால், கசடு ஏற்றின ரசீது ஒன்றிரண்டுதான் இருந்தால், அந்த இயந்திரம் விருந்தாளி வரும்போது மட்டும் ஓடுகிறது. சுத்திகரிப்புக்குப் போடுகிற காஸ்டிக் சோடா, மெட்டாபைசல்ஃபைட் வாங்கின பில், பம்பில் ஓடிய மணி காட்டும் மீட்டர், இவற்றையும் கேளுங்கள். பொய்க் கணக்கு எழுதுபவர்கள் ஒரு பதிவேட்டைத்தான் சோடிப்பார்கள். மூன்றையும் ஒத்துப்போகும்படி சோடிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. எங்கள் ஊழியர் ஒருவர் தினமும் பிஎச் 8.2 என்றே எழுதி வந்தார், மீட்டர் பழுதாகிக் கிடந்த வாரம் உட்பட.

---

ஓரமாய் நிற்பவன்

மூன்றாம் ஷிப்ட் சார், உங்கள் நேர்மைக்கு வணக்கம். ஆனாலும் ஒரு சந்தேகம். கடைசியில் எல்லாம் நகராட்சி நிலையத்துக்குத்தானே போகிறது? சுத்திகரிப்பது அவர்கள் வேலை. கோடிக்கணக்கான லிட்டரில் நாலு டிரம் கலந்தால் என்ன ஆகிவிடும்?

---

கோப்புக்காரர்

வீட்டுக் கழிவைத் தின்பதற்காக வளர்க்கிற பாக்டீரியா உலோகத்தைத் தின்னாது. உலோகம் ஒன்று ஆற்றுக்குப் போகும், இல்லை கசடில் தங்கும். கசடில் தங்கினால் அதை வயலுக்கு உரமாகக் கொடுக்க முடியாது. ஒரு ஆலை மிச்சம் பிடித்த செலவை மொத்த ஊரும் கசடு கொட்டுகிற செலவாகக் கட்டும்.

"நாலு டிரம்" பற்றி: 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் சோயா எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து ஹெக்சேன் என்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான் சாக்கடைக்குள் போயிற்று. விடிகாலையில் அந்த வழியே போன ஒரு காரின் தீப்பொறி போதுமானதாக இருந்தது. மைல் கணக்கில் தெரு வெடித்துப் பள்ளமாயிற்று. உயிரிழப்பு இல்லாதது அந்த நேரத்தின் புண்ணியம். மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு அந்தப் புண்ணியம் இல்லை. 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் சாக்கடையில் சேர்ந்து வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஆலைக் கழிவு அல்ல, கசிவு. ஆனால் பெட்ரோல் வாடை வருகிறது என்று அதற்கு முந்தின நாட்களிலேயே மக்கள் புகார் சொல்லியிருந்தார்கள். புதுப்பொறுப்பு, உங்கள் பிரிவுக்கு வாடைப் புகார் வந்தால் எந்தக் கோப்பில் போடுகிறீர்கள்?

---

புதுப்பொறுப்பு

பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். கொசுப் புகாரோடு சேர்ந்து கிடக்கும். இன்றே போய் எடுத்துப் பார்க்கிறேன்.

---

குடுவை

ஆய்வகத்தில் இருப்பவள் பேசுகிறேன். நள்ளிரவில் காத்திருந்து பிடித்த மாதிரியை நீங்களே கெடுத்துக்கொண்டு வருவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக.

எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்பது நடக்காது. உலோகத்துக்கு எடுத்தால் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி வைத்தால் ஆறு மாதம் தாங்கும். சயனைடுக்கு நேர் எதிர். பிடித்த இடத்திலேயே காஸ்டிக் விட்டு பிஎச் 12க்கு மேலே ஏற்றி, குளிரில், இருட்டில் வைக்க வேண்டும். மாறிப்போய் சயனைடு பாட்டிலில் அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு உங்கள் முகத்துக்கு நேராக வரும். பாட்டிலில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில்தான், நேராக அதிலேயே பிடிக்க வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றினால் எண்ணெய் வாளியோடு போயிற்று. பிஓடி (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கு ஏற வேண்டும். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் மதியம் கொண்டுவந்து, "அவசரம் மேடம்" என்பார்கள். பிஎச் அங்கேயே, அப்போதே பார்க்க வேண்டியது.

ஒரே தடவை மொள்ளுகிற கிராப் மாதிரி, 24 மணி நேரமும் சிறுகச் சிறுகச் சேர்க்கிற காம்போசிட் மாதிரி, இரண்டில் எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். தினசரி உலோகச் சுமை தெரிய காம்போசிட். ஆனால் பிஎச், சயனைடு, எண்ணெய், ஆவியாகிற கரைப்பான் இவற்றுக்கு கிராப் மட்டும்தான் செல்லும். காம்போசிட்டில் காலை அமிலமும் மாலைக் காரமும் சேர்ந்து அழகாக 7 காட்டும்! உங்கள் சனிக்கிழமைக்காரரைப் பிடிக்க, முதலில் கண்டக்டிவிட்டி (நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு) பதிவு செய்கிற ஒரு சிறு கருவியை மேன்ஹோலில் தொங்கவிடுங்கள். அடர்த்தியான நீர் வந்தால் முள் துள்ளும். என்ன வந்தது என்று அது சொல்லாது. எப்போது வந்தது என்பதை நிமிடக் கணக்கில் சொல்லும்.

---

கோப்புக்காரர்

இதற்கு மேல் என் பகுதி. மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் முத்திரை வைத்து, ஆலைத் தரப்பும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பல சட்டங்களில் இருக்கிறது. இந்தியாவின் 1974 நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போயிற்று என்ற தாள் அறுந்தால் வழக்கும் அறுந்தது. எவ்வளவு நிக்கல் இருந்தாலும் சரி.

ஆனால் பெரும்பாலான வழக்குகள் அந்த இடம் வரைகூடப் போவதில்லை. கடிதம் நம்பர் ஒன்று போகும். பதில் வராது. ஆறு மாதம் கழித்து அதே வார்த்தைகளில் கடிதம் நம்பர் இரண்டு போகும். என்ன மீறலுக்கு, எத்தனை நாளுக்குள், யார், என்ன நடவடிக்கை எடுப்பார் என்று முன்கூட்டியே தாளில் எழுதி, தலைவர் வரை கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் "இவருக்கு மட்டும் ஏன்?" என்ற போன் வந்தால் தாளைக் காட்டலாம்.

அபராதத் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்திகரிப்பு ஓட்டாமல் ஒரு வருடம் மிச்சம் பிடித்ததைவிட அபராதம் குறைவாக இருந்தால், அது வாடகை மாதிரி. அவர் சந்தோஷமாகக் கட்டுவார். அமெரிக்க விதியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆறு மாத அளவீடுகளில் 66 சதவீதம் வரம்பு மீறினாலோ, 33 சதவீதம் வரம்பைப் போல 1.2 மடங்கை எட்டினாலோ (பிஓடி, மிதக்கும் திடப்பொருள், எண்ணெய்க்கு 1.4 மடங்கு) கடும் மீறல் என்று கணக்கு. நிலையத்தையே படுக்க வைத்தால் அளவீடே தேவையில்லை, நேராகக் கடும் மீறல்தான். அவர்கள் பெயரை உள்ளூர் அமைப்பு வருடத்துக்கு ஒரு முறை நாளிதழில் போட்டே ஆக வேண்டும். காசைக் கட்டிவிட்டுப் போகிறவர்கூடப் பேப்பரில் பெயர் வருவதற்கு யோசிப்பார்.

---

புதுப்பொறுப்பு (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் முதலில் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

படலம் சுரண்டினோம். நாங்கள் எல்லோரும் சந்தேகப்பட்டது தெற்குக் கிளையில் இருக்கிற பெரிய ஆலையை. அங்கே ஒன்றுமில்லை. வடக்குக் கிளையில் நிக்கல் மற்ற இரண்டைப் போலப் பல மடங்கு. வடக்கில் எங்கள் பட்டியலில் இருப்பது நான்கே ஆலைகள், நான்கும் உணவு சம்பந்தப்பட்டவை. நிக்கலுக்கும் அவற்றுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. தப்பாகச் சுரண்டிவிட்டோம் என்று மறுபடி சுரண்டினோம். மறுபடியும் அதே.

குடுவை மேடம் சொன்ன கருவியை இரவல் வாங்கி, மேன்ஹோல் மேன்ஹோலாக மேலே போனோம். மூன்றாவது சனிக்கிழமை 12.40க்கு முள் துள்ளியது. அதற்கு மேலே இருந்த மேன்ஹோலில் துள்ளவில்லை. நடுவில் இருந்தது ஆறு இணைப்புகள். ஐந்து வீடு, ஒரு கிடங்கு. வாடைப் புகார்க் கட்டிலும் அதே தெருவிலிருந்து மூன்று கடிதம் இருந்தன, ஒன்று ஒரு வருடத்துக்கு முந்தினது. கொசு மருந்து அடித்ததாக அதில் பதில் எழுதியிருக்கிறோம்.

கிடங்கு என்று நம் பதிவேட்டில் இருப்பது கிடங்கே இல்லை. பதினோரு பேர் வேலை செய்கிற முலாம் பட்டறை. பெரிய ஆலைகளுக்கு வேலை எடுத்துச் செய்கிறார்கள். வீட்டு இணைப்பில்தான் எல்லாம் போகிறது. கட்டட அனுமதிப் பிரிவில் அந்தக் "கிடங்கு" மனுவில் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? நான்தான். நான்கு வருடத்துக்கு முன்.

---

பழைய மூடி

கையெழுத்தை விடுங்கள் தம்பி. பட்டியலில் இருப்பவனை மட்டும் பார்க்கிறோம், ஆனால் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர்க் கட்டணப் பிரிவில் போய், வீடு அல்லது கிடங்கு என்று இருந்துகொண்டு தண்ணீர் அதிகம் எடுக்கிற இணைப்புகளை வரிசையாகக் கேளுங்கள். மூன்று பேஸ் மின்சாரம் இருக்கிற கிடங்குகளையும் கேளுங்கள். இன்னும் ஏழெட்டு கிடைக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

---

குடுவை

மாதிரி?

---

புதுப்பொறுப்பு

முதல் சனிக்கிழமை சொதப்பிவிட்டோம் மேடம். உலோக பாட்டில் சரி. சயனைடு பாட்டிலில் காஸ்டிக் விட்டது காலை ஒன்பது மணிக்கு. நீங்கள் திட்டியதைப் போலவே இங்குள்ள ஆய்வகத்திலும் திட்டினார்கள். மறுபடி இரண்டு சனிக்கிழமை காத்திருந்து எடுத்தோம். முத்திரை, கையெழுத்து, தாள் எல்லாம் சரியாக. உரிமையாளரை அழைத்து அவர் முன்னால்தான் பிரித்தோம். அவர் மறுக்கவே இல்லை. "தொட்டி வைக்க இடம் இல்லை சார், என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்றார்.

---

ஓரமாய் நிற்பவன்

மூடி சீல் வையுங்கள். இதில் பேச என்ன இருக்கிறது?

---

மூன்றாம் ஷிப்ட்

மூடினால் அந்தப் பதினோரு பேர் இன்னொரு தெருவில், இன்னொரு "கிடங்கில்" ஷட்டரைத் திறப்பார்கள். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தொட்டி நீரைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் பிடித்து, அதைச் சுத்திகரிக்க அனுமதி உள்ள இடத்துக்கு அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். அனுப்பின ரசீதை மாதாமாதம் வாங்குங்கள். கூடவே, அவருக்கு வேலை கொடுக்கிற பெரிய ஆலையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் சுத்தமான ரிப்போர்ட் காட்டுவதே அழுக்கு வேலையை வெளியே கொடுத்ததால்தானே?

---

கோப்புக்காரர்

இரண்டும் வேண்டும். தொட்டி நீர் போகிற வாயை இன்றே அடைக்க உத்தரவு, ஏற்கெனவே படுக்க வைத்ததற்கு அபராதம், அதோடு தேதி போட்ட ஒரு கால அட்டவணை: டிரம் எப்போது, அனுமதி மனு எப்போது, மேன்ஹோல் எப்போது. தேதி தவறினால் மூடல் என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இரக்கப்பட்டு வாய்ப்பேச்சாக விட்டால், அடுத்து வருகிற அதிகாரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

---

புதுப்பொறுப்பு (மேலும் ஐந்து வாரம் கழித்து)

அப்படியே செய்தோம். வாய் அடைத்தாயிற்று, டிரம் ரசீது இரண்டு வந்திருக்கிறது, அபராதத்துக்கு எதிராக மேல்முறையீடு போட்டிருக்கிறார். கட்டணப் பிரிவுப் பட்டியலில் பெரியவர் சொன்னபடி ஏழெட்டு அல்ல, பதினான்கு கிடங்குகள். நான்கைப் பார்த்துவிட்டோம். ஒன்று நிஜமாகவே கிடங்கு.

---

இரவுப்பணி

அம்மோனியா?

---

புதுப்பொறுப்பு

இறங்கிவிட்டது சார், நான்கு வாரமாக நிலையம் அமைதி. ஆனால் போன சனிக்கிழமை 1.15க்குச் சந்தியில் முள் லேசாகத் துள்ளியது. வடக்கு இல்லை, இந்த முறை கிழக்கு.

---

குடுவை

பாட்டில் பிடித்தீர்களா?

---

புதுப்பொறுப்பு

மூன்று. காஸ்டிக் அங்கேயே விட்டாயிற்று மேடம்.